கூடப் போகிற ஆளுக்கு யார் சம்பளம் தருவது?

மதுரையில் ஒரு கடைக்காரரிடம் போய், "அண்ணே, மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுற பையன் ஒருத்தன் இருக்கான், இப்ப நல்லா தேறிட்டான், வேலை போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டால் அநேகமாக மூன்று கேள்விகள் வரும். அடிப்பானா? மாத்திரையை நிறுத்திட்டா என்ன ஆகும்? ஏதாவது ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுறது? முதல் இரண்டுக்கும் டாக்டரே பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்குப் பதில் நான்தான். என் செல்போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லாப்பெட்டிப் பக்கம் ஒட்டிவிட்டு வருவேன். பல இடங்களில் அந்தச் சீட்டுதான் வேலையை வாங்கித் தந்திருக்கிறது.

ஒரு சிறிய அறக்கட்டளையில் நான் சமூகப் பணியாளர். மனநோயிலிருந்து தேறி வருகிறவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பதும், அந்த வேலையில் அவர்கள் கால் ஊன்றும்வரை கூடவே நிற்பதும் என் பொறுப்பு. எனக்குச் சம்பளம் நன்கொடையிலிருந்து வருகிறது. மார்ச் மாதம் வந்தால் அடுத்த வருஷத்துக்குப் பணம் உண்டா என்று எங்கள் செயலாளர் ஊர் ஊராகப் போன் போட ஆரம்பித்துவிடுவார். அரசாங்கம் மனநலத்துக்குச் செலவழிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் திறன் பயிற்சிக்கும் செலவழிக்கிறது. ஆனால் இந்த மூன்று பணமும், ஒருவர் வேலைக்குள் காலெடுத்து வைக்கும் இடத்துக்கு ஓரடி முன்னாலேயே நின்றுவிடுகின்றன.

பைண்டிங் கடையில் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னால் புரியும். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. படிப்பு நின்றது. அதன் பிறகு வருஷக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தார். என்னிடம் வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. குரல்கள் அடங்கிவிட்டன. ராத்திரி மாத்திரையால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை; ஒன்பது மணிக்கு முன்னால் கண் திறக்காது. பைண்டிங் கடையோ எட்டரைக்குத் திறந்துவிடும்.

முதலாளியிடம் உட்கார்ந்து பேசினேன். பத்தரைக்கு வரட்டும், ஆறு மணிவரை இருக்கட்டும், அந்த நேரத்துக்கு உண்டான கூலியைக் கொடுங்கள் என்றேன். கட்டிங் மிஷின் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் பாரம் மடிக்கவும் வரிசை சேர்க்கவும் பின் அறையில் இடம் கேட்டேன். முதல் இரண்டு வாரம் பஸ்ஸில் நானும் கூடப் போனேன். டீ வாங்கப் போகும் நேரத்தில் மற்ற பையன்கள் சிரித்தால், அது தன்னைப் பற்றித்தான் என்று அவருக்குத் தோன்றும். சாயங்காலம் திரும்பி வரும்போது, "இன்னைக்கு எதுக்குச் சிரிச்சாங்க?" என்று கேட்பேன். விசாரித்தால் பெரும்பாலும் சினிமா, கிரிக்கெட். கொஞ்சம் கொஞ்சமாக அவரே அந்தப் பையன்களிடம் கேட்கப் பழகினார். அவர் அம்மாவுக்கு வேறு பயம்: "வேலைக்குப் போனா டென்சன்ல மறுபடியும் வந்துருமே தாயி." அந்த அம்மாவோடு பேசவே எனக்கு நிறைய சாயங்காலங்கள் போயின.

கார்த்திகை மாதம் ஐயப்பனுக்கு மாலை போட்டார். விரதத்தில் மாத்திரை எதற்கு என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மூன்றே வாரம்தான். முதலாளி எனக்குப் போன் செய்தார்: "அம்மா, ரெண்டு நாளா தனியாப் பேசுறாப்ல." அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சேர்க்க வேண்டி வந்தது. அவர் படுத்திருந்த நாளெல்லாம் வாரா வாரம் கடைக்குப் போய் நிலவரம் சொன்னேன். வேறு ஆள் எடுக்கப் போவதாக முதலாளி ஒருமுறை சொன்னார். தற்காலிகமாக எடுங்கள், இடத்தை மட்டும் வைத்திருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். வைத்திருந்தார். முதலில் அரை நாள், பிறகு பழைய நேரம் என்று திரும்பிப் போனவர் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார். மே, ஜூனில் நோட்டுப் புத்தக சீசனில் ஓவர்டைம்கூடப் பார்க்கிறார்.

இந்த மனிதருக்காக அரசாங்கம் செலவழித்த பணம் எது என்று எண்ணிப் பார்த்தேன். மாத்திரை இலவசம், ஆஸ்பத்திரிப் படுக்கை இலவசம், ஓர் அடையாள அட்டை. அது பெரிய உதவிதான், குறைத்துப் பேச மாட்டேன். நோய் இருக்கும்போதே அது கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்கள் இந்த நாட்டில் ஏராளம். ஆனால் வீட்டுக்குள் கிடந்தவரைப் பைண்டிங் கடைவரை கொண்டு போன வேலைக்கு, அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை.

ஏன் இல்லை என்று பார்க்க, திட்டங்களை அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பல்லாரியில் நடத்திப் பார்த்த மாதிரியை வைத்து 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் ஆரம்பமானது. அதன் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர், பதிவேடு பார்ப்பவர் உண்டு. வேலை பிடித்துக் கொடுக்கவென்று தனி ஆள் கிடையாது. அந்தச் சமூகப் பணியாளர்தான் செய்யலாமே என்று கேட்கலாம். ஒரு மாவட்டம் முழுக்க முகாமுக்குப் போய், நோயாளிகளின் குடும்பங்களோடு பேசி, பள்ளிக்கூடங்களில் விழிப்புணர்வு நடத்தி, அறிக்கையும் எழுதுகிறவர் எப்போது பைண்டிங் கடைப் பின் அறையில் போய் உட்காருவார்?

அடுத்தது சான்றிதழ். மனநோயால் வரும் ஊனத்தை அளக்க இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ஐடியாஸ் என்ற அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் 4 வரை உண்டு. மொத்தம் 20. அதில் 8 வந்தால் 40 சதவீதம்; அப்போதுதான் சலுகைகளின் கதவு திறக்கும். மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய்.

அந்தக் கணக்கைக் கவனியுங்கள். வேலை என்பது அளவுகோலின் நான்கு தலைப்புகளில் ஒன்று. வேலை கிடைத்து ஒழுங்காகப் போனால் மதிப்பெண் இறங்கும். மதிப்பெண் இறங்கினால் அட்டையைப் புதுப்பிக்கும்போது சதவீதம் குறையும். என்னிடம் வருகிற குடும்பங்கள் இதைச் சட்டம் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. பக்கத்து வீட்டு அனுபவத்திலிருந்து தெரிந்துகொள்கிறார்கள். "கார்டு போயிரும்னு சொல்றாங்களே, வேலைக்கு அனுப்பலாமா?" என்று ஓர் அப்பா கேட்டபோது, அனுப்புங்கள் என்று முழு மனதோடு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளம் நின்றுபோனால் அடுத்த நாளே பழைய உதவி திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியை அரசாங்கம் கொடுத்தால், அந்தத் தகப்பனின் கேள்விக்கு நான் தைரியமாகப் பதில் சொல்வேன்.

இட ஒதுக்கீடு உண்டு. 1995-ம் வருஷச் சட்டம் மனநோயை ஊனங்களின் பட்டியலில் சேர்த்தது, ஆனால் வேலை ஒதுக்கீட்டின் 3 சதவீதத்தைப் பார்வை, செவி, கை கால் குறைபாடுகளுக்கு மட்டும் கொடுத்தது. 2016-ம் வருஷச் சட்டம் அதை 4 சதவீதமாக்கி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதத்தை வைத்தது. இருபது வருஷம் கழித்தாவது கதவு திறந்ததற்கு நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் அது அரசு வேலைக்கு. என்னிடம் வருகிறவர்களில் பலர் பத்தாவதோடும் பன்னிரண்டாவதோடும் நின்றவர்கள். அவர்கள் போகிற இடம் மாவு மில், அப்பளக் கம்பெனி, எவர்சில்வர் பாத்திரக் கடை, ஜெராக்ஸ் கடை.

தனியாருக்கும் ஊக்கத்தொகை வைத்தார்கள். 2008-ல் ஒரு திட்டம் வந்தபோது, மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளியை வேலைக்குச் சேர்த்தால், முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை மத்திய அரசு மூன்று வருஷம் கட்டும் என்றார்கள். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேர் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான், இ.எஸ்.ஐ. 10 பேர் இருக்கும் இடத்துக்குத்தான். பைண்டிங் கடையில் மொத்தம் ஆறு பேர். கட்டாத பி.எஃப்.புக்கு எங்கிருந்து ஊக்கத்தொகை வரும்? அந்த முதலாளிக்குத் தேவைப்பட்டது பணமே இல்லை. ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணினால் எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

திறன் பயிற்சியில் பணம் நிறையப் புழங்குகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தேசிய செயல் திட்டம் 2015-ல் தொடங்கியது. பயிற்சி நிறுவனத்துக்கு மணிக்கணக்கில், ஆள் கணக்கில் பணம் போகும். ஒரு பகுதி, பயிற்சி முடித்தவருக்கு வேலை கிடைத்த பிறகு. வேலை கிடைத்ததாகக் கணக்கில் எடுக்க அவர் மூன்று மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும். கால் இழந்தவருக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். தையல் கற்றுக்கொண்டு மூன்று மாதம் நின்றுவிட்டால் அவர் நிற்பார். மனச்சிதைவோ இருமுனை மனநோயோ உள்ளவருக்கு மூன்று மாதம் என்பது ஆரம்பம். என் பைண்டிங் தம்பி தடுமாறியது அதற்கும் வெகு நாள் கழித்துத்தான். திட்டக் கணக்குப்படி அவர் அதற்கு முன்னாலேயே 'வெற்றி' என்று பதிவாகியிருப்பார், யாரும் கூட இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த மூன்று மாதச் சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் அரசின் தொழில் மறுவாழ்வுத் துறை, ஒருவர் 90 நாள் வேலையில் நீடித்தால் கோப்பை மூடிவிடலாம். சிகிச்சைச் செலவு வேறொரு துறையிலிருந்து வரும். இரண்டுக்கும் நடுவில் ஆள் விழுந்துவிடுவார். இதைத் தாண்டி வர, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் என்ற இருவர் ஒரு வழிமுறையை உருவாக்கினார்கள். அதை ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதன் முதல் பெரிய ஒப்பீட்டு ஆய்வு 1996-ல் வெளியானது. வருஷக்கணக்கில் மெழுகுவர்த்தியும் பினாயிலும் செய்ய வைத்து 'தயார்' ஆன பிறகு அனுப்புவது என்ற பழைய வரிசையை அவர்கள் தலைகீழாக மாற்றினார்கள். வேலை வேண்டும் என்று ஒருவர் சொன்னால் போதும், சில வாரங்களிலேயே ஊரில் எல்லாரும் செய்கிற சாதாரண வேலை ஒன்றைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கற்றுக்கொள்வது அந்த வேலையிலேயே. வேலை உதவியாளர் மருத்துவக் குழுவுக்குள்ளேயே உட்காருவார். அவர் கையில் சுமார் 20 பேருக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். கூட இருப்பதற்குக் காலக்கெடு வைக்க மாட்டார்கள்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் சரிப்படுமோ என்ற சந்தேகம் வந்தது. லண்டன், உல்ம், ரிமினி, சூரிக், குரோனிங்கன், சோபியா ஆகிய ஆறு நகரங்களில் 312 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. இந்த வழியில் உதவி பெற்றவர்களில் 55 சதவீதத்தினர் ஒரு நாளாவது சம்பள வேலை பார்த்திருந்தார்கள். பழைய மாதிரிப் பயிற்சி மையங்களுக்குப் போனவர்களில் அது 28 சதவீதம். அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் துறை, உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த 2,238 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தியது. வேலை உதவியும் மருத்துவ உதவியும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் வேலைக்குப் போனார்கள், மற்றவர்களில் சுமார் 40. உதவித்தொகையை முழுதாக விடும் அளவுக்குப் பெரும்பாலோர் சம்பாதிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசாங்கப் பணம் உடனே மிச்சமாகும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த மனிதர்கள் வேலைக்குப் போனார்கள், எனக்கு அது போதும். இங்கிலாந்தில் இந்த உதவியாளர்களின் சேவையைத் தேசிய சுகாதாரத் துறையே தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2023-24க்குள் வருஷத்துக்கு 55,000 பேருக்கு இது கிடைக்க வேண்டும் என்று 2019-ல் எழுதி வைத்தார்கள்.

நம் ஊரில் இதற்கு வேர் இல்லாமல் இல்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், உள்ளே இருந்தவர்களுக்குத் தொழில் ஒரு மருந்து என்று நம்பித் தொழில் சிகிச்சையை வளர்த்தார். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள் சென்னை நோயாளிகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்து, மனச்சிதைவு உள்ள ஆண்களில் கணிசமானோர் வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதினார்கள். மாமா கடை, சித்தப்பா வயல், தெரிந்தவர் பட்டறை என்று யாராவது இடம் கொடுத்துவிடுகிறார்கள். நமது பலம் அது. ஆனால் மாமா கடை இல்லாதவருக்கு யார்? பெண்களுக்கு யார்? புருஷன் விட்டுப் போய் அம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளை யாரும் வேலைக்குப் போகிறவள் என்றோ போகாதவள் என்றோ எண்ணுவதில்லை.

மேலூர்ப் பக்கம் அப்படி ஒருத்தியை நூறு நாள் வேலையில் சேர்த்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலைக்கே முழுக் கூலி என்று தமிழ்நாட்டில் அரசாணை இருந்தது. கண்மாய்க்கரையில் மண் வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. முதல் நாள் பெண்கள் அவள் கையால் தண்ணீர் வாங்கத் தயங்கினார்கள். பணித்தளப் பொறுப்பாளர் நல்ல மனுசி. முதல் சொம்பை அவரே வாங்கிக் குடித்தார். முதல் கூலி வங்கிக் கணக்கில் விழுந்தபோது அவள் தன் மகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினாள். அரசாணை நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தது, பணமும் அரசாங்கப் பணம். ஆனால் அட்டை வாங்க அவளைக் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போனதும், ஊராட்சி எழுத்தரிடம் அரசாணை நகலைக் காட்டியதும், அந்த முதல் வாரம் கரையில் உட்கார்ந்திருந்ததும் அரசாணையில் இல்லாத ஓர் ஆள். நல்ல திட்டம்கூட ஓர் ஆள் கைபிடித்துக் கூட்டிப் போனால்தான் வீட்டு வாசலுக்கு வருகிறது.

அந்த ஆளுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதச் சம்பளம் 25,000 ரூபாய், பஸ், போன் செலவு 5,000. ஆக 30,000. 20 பேரைப் பார்த்துக்கொண்டால் தலைக்கு மாதம் 1,500 ரூபாய். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ள குடும்பங்கள் சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் கைப்பணத்திலிருந்து மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிப்பதாகத் தெரியவந்தது. கிட்டத்தட்ட அதே தொகைதான். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு இரண்டு பேர் என்றால் வருஷத்துக்கு 2 கோடியே 74 லட்சம் ரூபாய்க்குள் அடங்கும். இரண்டு பேர் ஒரு மாவட்டத்துக்கு எந்த மூலைக்கும் போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆரம்பித்துவிட்டால் அடுத்த வருஷம் ஏன் நாலு பேர் வேண்டும் என்று காட்டக் கையில் கணக்கு இருக்கும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா என்று கேட்கிறார்கள். தமிழ்நாடு, கோவா, சாத்தாராவில் மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், உள்ளூரிலேயே எடுத்துப் பயிற்சி கொடுத்த பணியாளர்கள் வீடு தேடிப் போய் உதவினார்கள். ஆஸ்பத்திரிக் கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட, இவர்கள் போய்ப் பார்த்தவர்களின் இயலாமை கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. பயிற்சியும் மேற்பார்வையும் கட்டாயம் வேண்டும். தானே நோயிலிருந்து மீண்ட ஒருவரே இந்த வேலைக்கு வந்தால் இன்னும் நல்லது. எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு தங்கை இருக்கிறாள். மாத்திரை தூக்கத்தைப் பற்றி அவள் முதலாளிகளிடம் பேசுவதுபோல எனக்குப் பேச வராது.

போன மாதம் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தோம். மாவட்ட மனநலக் குழுவில் வேலை உதவியாளர் என்று ஒரு பணியிடம் சேர்க்க வேண்டும்; மூன்று மாதக் கணக்கை ஒரு வருஷமாக்கி, இடையில் நோய் கூடி ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களைத் தோல்வியாக எண்ணக் கூடாது; வேலைக்குப் போன காரணத்துக்காக இரண்டு வருஷத்துக்கு யாருடைய அட்டையின் சதவீதத்தையும் குறைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறோம். குடும்பங்களோடு சேர்ந்து ஆள் வைத்திருக்கும் கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மனுவுக்கு எண் கொடுத்து, ஒரு நகலை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஒரு நகலைச் சுகாதாரத் துறைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இது எந்தத் துறையின் பணம் என்று அந்த இரண்டு அலுவலகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டும். பேசும் நாளில் பைண்டிங் கடை முதலாளியையும் கூப்பிட வேண்டும் என்று மனுவின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறோம். அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், சீசன் முடிந்த பிறகு என்றால்.